காலி இடத்தை விற்றவர்கள்

ஒரு கப்பல் படம், பின்னால் அஸ்தமனச் சூரியன், மேலே ஒரு பொன்மொழி. துறைமுகத்தில் நிற்கிற கப்பலுக்கு ஆபத்தில்லை, ஆனால் சும்மா நிற்பதற்காகவா கப்பல் கட்டினார்கள் என்கிற ரீதியில் ஏதோ ஒன்று. லிங்க்ட்இன்னில் வாரத்துக்கு ஒருவராவது இதைப் போட்டுவிடுகிறார். வேலையை விட்டுவிட்டு ஸ்டார்ட்அப் ஆரம்பித்தவர் போடுகிறார். அவருக்குக் கீழே தினமும் பன்னிரண்டு மணி நேரம் மாரடிக்கிறவர் லைக் போடுகிறார். பயப்படாதே, கரையை விடு, புயலோடு மோது. நல்லது. இந்தப் பொன்மொழியில் எனக்கு ஒரே ஒரு சிக்கல்தான். அதன் முதல் பாதி பொய்.

ஸ்வீடன் அரசர் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃபின் பெருமையாக இருந்திருக்க வேண்டிய வாசா என்ற போர்க்கப்பல், 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோம் துறைமுகத்துக்குள்ளேயே கவிழ்ந்தது. அதுதான் அதன் முதல் பயணம். போன தூரம் ஒன்றரைக் கிலோமீட்டர்கூட இல்லை. ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் என்ற ஃபெர்ரி, 1987 மார்ச் 6 மாலை பெல்ஜியத்தின் ஸேப்ரூக துறைமுகத்தைத் தாண்டிய சில நிமிடங்களில் சாய்ந்து படுத்தது. 193 பேர் இறந்தார்கள். கோல்டன் ரே என்ற கார் ஏற்றும் கப்பல், 2019 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், பிரன்ஸ்விக் துறைமுகத்திலிருந்து திறந்த கடலை எட்டுவதற்கு முன்பே, ஒரு திருப்பத்தில் கவிழ்ந்தது. மூன்றிலும் புயல் கிடையாது. வாசாவைச் சாய்த்தது பாய்மரத்தில் பட்ட ஒரு சாதாரணக் காற்று.

இந்தக் கப்பல்களின் கதி கரையிலேயே தீர்மானமாகிவிட்டது. கடல் அதை வாசித்துக் காட்டியது, அவ்வளவுதான்.

கரையில் நடந்தது என்ன என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்குக் கப்பல் வடிவமைப்பின் அரிச்சுவடியைக் கொஞ்சம் படிக்க வேண்டியிருக்கும். கணக்கு பயமுறுத்தாது, பத்தாம் வகுப்பு அறிவியல் போதும். செகண்ட் இன்ஜினீயராகக் கப்பலில் இருக்கும் என் தூத்துக்குடி நண்பன் ஒருவனிடம் இதைப் பற்றி எழுதப்போகிறேன் என்றபோது சிரித்தான். "ஸ்டெபிலிட்டி எல்லாம் டெக் டிபார்ட்மென்ட் வேலை மச்சான். சீஃப் ஆபீசர் பாத்துப்பாரு. நாங்க கீழ மெஷினைப் பாக்குறவங்க. பரீட்சைக்குப் படிச்சோம், பாஸ் பண்ணினோம், மறந்துட்டோம்." என் சண்டை அவனோடு இல்லை. 'அது உன் வேலை இல்லை' என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்த ஏற்பாட்டோடு.

முதலில் மிதப்பது. தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்குகிற அளவுக்குக் கப்பல் அமிழும். ஆர்க்கிமிடீஸ், குளியல் தொட்டி, அம்மணமாக ஓடியது, எல்லோருக்கும் தெரியும். பள்ளியில் அந்தப் பாடம் அத்தோடு முடிந்துவிடும். ஆனால் கப்பல் கட்டுகிறவனுக்கு அங்கேதான் பாடம் ஆரம்பம். தண்ணீருக்குக் கீழே இருக்கும் பகுதி கப்பலைத் தாங்குகிறது, சரி. தண்ணீருக்கு மேலே, தண்ணீர் புகாதபடி மூடப்பட்டு, வெறுமனே காற்றைச் சுமந்துகொண்டு நிற்கும் பகுதி எதற்கு? அலை ஏறும்போது, ஓர் அறையில் தண்ணீர் புகுந்துவிட்டபோது, கப்பல் இன்னும் கொஞ்சம் அமிழ்ந்து இன்னும் கொஞ்சம் தாங்குவதற்கு. இதற்கு இருப்பு மிதப்பு என்று பெயர் வைக்கலாம். வங்கியில் தொடாமல் வைத்திருக்கும் பணம் மாதிரி. நீர்மட்டத்திலிருந்து மேல்தளம் வரை உள்ள உயரத்தை ஃப்ரீபோர்டு என்பார்கள். அந்த உயரம் முழுக்க, வியாபாரியின் கண்ணுக்கு, வாடகை வராத காலி வீடு.

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டனில் அந்தக் காலி வீட்டை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். ஓட்டைக் கப்பலில் கொள்ளளவுக்கு மேல் சரக்கை ஏற்றி, கப்பலை இன்ஷூர் செய்து அனுப்பினால், போய்ச் சேர்ந்தாலும் லாபம், மூழ்கினாலும் நஷ்டமில்லை. மாலுமிகள் அவற்றைச் சவப்பெட்டிக் கப்பல்கள் என்றார்கள். சாமுவேல் பிளிம்சால் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் இதை எதிர்த்து வருடக்கணக்கில் போராடினார். கப்பலின் பக்கவாட்டில் ஒரு கோடு போடுங்கள், அந்தக் கோடு தண்ணீருக்குள் போகிற அளவுக்கு ஏற்றக்கூடாது என்று சட்டம் கொண்டுவாருங்கள் என்றார். 1876இல் சட்டம் வந்தது. ஆனால் எப்படிப்பட்ட சட்டம்? கோடு கட்டாயம், எந்த இடத்தில் போடுவது என்பது முதலாளியின் இஷ்டம். ஒரு கேப்டன் புகைபோக்கியில் கோட்டை வரைந்துகொண்டார் என்று ஒரு கதை உண்டு. அந்த இடத்தையும் சட்டமே நிர்ணயிப்பதற்கு 1890 வரை, பதினான்கு வருடம் ஆயிற்று. இன்றைக்கும் சரக்குக் கப்பலின் நடுப்பகுதியில் ஒரு வட்டம், அதைக் குறுக்கே வெட்டும் கோடு, பக்கத்தில் ஏணி மாதிரி சில கோடுகள் இருப்பதைப் பார்க்கலாம். வெப்பக் கடலுக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று, வட அட்லாண்டிக் குளிர்காலத்துக்கு எல்லாவற்றுக்கும் கீழே ஒன்று. கடல் எவ்வளவு கொடூரமோ அவ்வளவு காலி இடத்தை விட்டுவைக்க வேண்டும் என்பதை ஒரு பெயின்ட் பிரஷ்ஷால் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் உங்களுக்கு வள்ளுவரின் மயிலிறகு வண்டி ஞாபகம் வந்திருக்கும். மேடையில் பேசுகிறவராக இருந்தால் இந்நேரம் குறளை முழுசாகச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருப்பார். நான் அதை இங்கே பயன்படுத்தப் போவதில்லை, காரணம் இருக்கிறது. வண்டியின் அச்சு எடைக்கு முறிகிறது. மயிலிறகு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது அந்த அச்சுக்குப் பொருட்டில்லை. கப்பலுக்கு அதுதான் எல்லாம். அனுமதித்த எடையில் பாதிகூட ஏற்றாத கப்பல் கவிழலாம், எடையை வைத்த இடம் தப்பாக இருந்தால்.

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்பாகம் உருண்டை, உள்ளே களிமண் கனம். எப்படித் தள்ளினாலும் ஆடி ஆடி நிமிர்ந்துவிடும். அடியில் உள்ள வளைவை ஒரு பெரிய வட்டத்தின் துண்டாக நினைத்துப் பார்த்தால், அந்த வட்டத்துக்கு ஒரு மையம் இருக்கும். பொம்மையின் ஈர்ப்பு மையம் அந்த மையத்துக்குக் கீழே இருக்கிறவரை பொம்மை நிமிரும். தலையில் ஒரு பெரிய களிமண் உருண்டையை ஒட்டி ஈர்ப்பு மையத்தை அதற்கு மேலே கொண்டுபோய்விட்டால் விழுந்துவிடும். கப்பலிலும் அப்படி ஒரு புள்ளி உண்டு. கப்பல் லேசாகச் சாயும்போது, தண்ணீருக்குள் இருக்கும் பகுதியின் வடிவம் மாறுகிறது. அதனால் தண்ணீர் மேல்நோக்கித் தள்ளும் புள்ளியும் சாய்ந்த பக்கமாக நகர்கிறது. அங்கிருந்து நேர்மேலே ஒரு கோடு இழுத்தால், அது கப்பலின் நடுக்கோட்டை வெட்டுகிற இடம் மெட்டாசென்டர். ஈர்ப்பு மையத்துக்கும் அதற்கும் உள்ள தூரத்தைக் கப்பல்காரர்கள் ஜிஎம் என்கிறார்கள். பெரும்பாலான கப்பல்களில் சில அடிகள், சில மீட்டர்கள். நூற்றைம்பது மீட்டர் நீளக் கப்பலும் அதில் உள்ள அத்தனை உயிரும் அந்தச் சின்ன இடைவெளியில் தொங்குகிறார்கள்.

வாசா கட்டப்பட்ட காலத்தில் இந்தக் கணக்கு யாருக்கும் தெரியாது என்பது உண்மை. ஆனால் கணக்கு தெரியாமலும் சோதிக்கத் தெரிந்திருந்தது. பயணத்துக்கு முன் முப்பது பேரைத் தளத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சேர்ந்து ஓடவிட்டார்கள். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, அங்கிருந்த தளபதி ஃப்ளெமிங் நிறுத்தச் சொல்லிவிட்டார். கட்டிய கைவினைஞர் முந்தைய வருடமே இறந்துவிட்டார். அரசர் வெளிநாட்டில் போரில் இருந்துகொண்டு, கப்பல் எங்கே, கப்பல் எங்கே என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். இரண்டு பீரங்கித் தளங்கள், 64 வெண்கலப் பீரங்கிகள், ஏகப்பட்ட மரச்சிற்பங்கள், எல்லாம் மேலே. அடியில் இன்னும் கல் போடலாம் என்றால் இடமில்லை. போட்டாலும் கப்பல் அமிழ்ந்து கீழ்ப் பீரங்கி ஜன்னல்கள் தண்ணீரைத் தொட்டுவிடும். சோதனை தோற்றுவிட்டது, கப்பல் கிளம்பியது. விசாரணையில் யாரும் குற்றவாளி இல்லை என்று முடிந்தது. 'டெஸ்ட் ஃபெயில், ஆனா ரிலீஸ் தேதியை மாத்த முடியாது' என்கிற வாக்கியத்தை என் துறையில் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். அது 1628லிருந்து வருகிறது.

ஜிஎம் நன்றாக இருந்தால் போதுமா? போதாது. இதைக் காட்டுவதற்கு பிரிட்டிஷ் கடற்படை 480 பேரைக் கொடுத்தது. கப்பலின் பெயர் கேப்டன் (நம்மூர் கேப்டன் இல்லை). கௌபர் கோல்ஸ் என்ற கடற்படை அதிகாரி, சுழலும் பீரங்கிக் கோபுரங்களோடு தாழ்வான ஒரு கப்பல் வேண்டும் என்று பத்திரிகைகளிலும் நாடாளுமன்றத்திலும் ஆதரவு திரட்டினார். கடற்படையின் தலைமை வடிவமைப்பாளர் எட்வர்ட் ரீட், இவ்வளவு உயரப் பாய்மரமும் இவ்வளவு தாழ்ந்த தளமும் சேர்ந்தால் ஆபத்து என்று எதிர்த்தார். ஜெயித்தது பத்திரிகை. ஃப்ரீபோர்டு எட்டு அடி என்று திட்டம். கட்டி முடித்தபோது எடை கூடிப்போய் ஆறரை அடிதான் மிஞ்சியது. 1870 ஜூலை இறுதியில் சாய்வுச் சோதனை நடத்தினார்கள். கணக்குப் போட்டு முடித்தபோது கப்பல் கடலில் இருந்தது. செப்டம்பர் 7 நள்ளிரவு கடந்த நேரத்தில், ஸ்பெயினின் ஃபினிஸ்டர் முனைக்கு அருகே, கவிழ்ந்தது. பிழைத்தது 18 பேர். கோல்ஸ் அதிலேயே இருந்தார், இறந்தார். கடற்படை அமைச்சர் சில்டர்ஸ், தன் மகனை வேறொரு கப்பலிலிருந்து இந்தப் புதுக் கப்பலுக்கு மாற்றியிருந்தார். அந்தப் பையனும் போனான்.

அன்றைக்குப் புயல் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே இரவில் அதே கடலில் ரீட் வடிவமைத்த மோனார்க்கும் இருந்தது, அது திரும்பி வந்தது. அந்தப் பையன் முன்பு இருந்த கப்பல் அதுதான். இரண்டு கப்பல்களின் ஜிஎம்மும் கிட்டத்தட்ட ஒன்று. லேசாகச் சாய்த்துப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி நிமிரும். வித்தியாசம் கூடுதலாகச் சாயும்போதுதான் தெரியும். தளத்தின் விளிம்பு தண்ணீருக்குள் போகிறவரை, சாயச் சாய நிமிர்த்தும் விசை கூடிக்கொண்டே போகும். விளிம்பு மூழ்கியபின் சீக்கிரமே அது குறைய ஆரம்பிக்கும். மோனார்க்கில் அந்த உச்சம் 40 டிகிரியில் வந்தது. கேப்டனில் 21 டிகிரியிலேயே வந்துவிட்டது. அதற்கப்புறம் காற்று தள்ளத் தள்ள, கப்பல் எதிர்ப்பைக் குறைத்துக்கொண்டே போயிற்று. தண்ணீருக்கு மேலே சும்மா நின்றிருந்த அந்தச் சில அடி இரும்புச் சுவர்தான் இரண்டு கப்பலுக்கும் வித்தியாசம். ராணுவ நீதிமன்றம், பொதுமக்கள் கருத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் பணிந்து, சொந்தத் துறையின் எச்சரிக்கையை மீறிக் கட்டிய கப்பல் இது என்று எழுதிவைத்தது. தெரிந்தவன் சொல்வதைவிடச் சத்தமாகச் சொல்கிறவன் சொல்வது எடுபடுகிற காலத்தில் வாழ்கிற நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

நிறைகுடம் தளும்பாது என்று நம் பாட்டிகள் சொன்னது அடக்கத்தைப் பற்றி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது சுத்தமான கப்பல் பொறியியல். நிறைந்த தொட்டியில் தண்ணீருக்கு நகர இடமில்லை, அது கல் மாதிரி. காலித் தொட்டியில் நகர எதுவுமில்லை. அரைகுறையாக நிரம்பிய தொட்டிதான் கூத்தாடும். கப்பல் சாய்கிற பக்கமே தண்ணீரும் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். எவ்வளவு தண்ணீர் என்பதைவிட அந்தத் தண்ணீர்ப்பரப்பு எவ்வளவு அகலம் என்பதுதான் முக்கியம். பாதிப்பு அகலத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். தொட்டியின் நடுவே நீளவாக்கில் ஒரு தடுப்புச் சுவர் வைத்தால் பாதிப்பு நான்கில் ஒரு பங்காகிவிடும். ஒரே ஒரு சுவர்.

இப்போது ஒரு கார் ஃபெர்ரியை நினைத்துப் பாருங்கள். இந்தக் கோடியில் ஏறி அந்தக் கோடியில் இறங்க வேண்டும், சீக்கிரம் ஏற்றி சீக்கிரம் இறக்க வேண்டும். அதனால் வாகனத்தளத்தில் சுவரே கிடையாது. கல்யாண மண்டபம் மாதிரி, கப்பலின் முழு அகலத்துக்கும் முழு நீளத்துக்கும் திறந்த தரை. ஹெரால்டின் முன்கதவுகள் அன்றைக்கு மூடப்படவில்லை. கரையின் ஏற்றுமேடைக்குத் தோதாகக் கப்பலின் மூக்கைப் பல்லாஸ்ட் தண்ணீரால் தாழ்த்தியிருந்தார்கள்; வேகமெடுத்தபோது முன்னால் அலை எழும்பி, திறந்த வாய்க்குள் போயிற்று. சில சென்டிமீட்டர் ஆழத் தண்ணீர்தான், ஆனால் முழு அகலத்துக்கும். சாய்ந்து படுக்க ஆனது சுமார் ஒன்றரை நிமிடம். கதவை மூட வேண்டிய ஊழியர் கேபினில் தூங்கிவிட்டார் என்பதைப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. எத்தனை மணி நேரம் வேலை பார்த்தவர் அவர், ஒருத்தர் தூங்கினால் 193 பேர் சாகிற மாதிரி ஒரு ஏற்பாட்டை வடிவமைத்தவர் யார் என்று கேட்டால்தான் கதை நீளும். நீதிபதி ஷீனின் விசாரணை அதைக் கேட்டது. கதவு மூடியிருக்கிறதா என்று கேப்டனுக்குக் காட்ட ஒரு விளக்கு வைத்துக் கொடுங்கள் என்று கேப்டன்கள் முன்பே எழுதிக் கேட்டிருந்தார்கள். அலுவலகத்திலிருந்து கிண்டலாகப் பதில் குறிப்புகள் போயிருந்தன. கம்பெனி மேலிருந்து கீழ்வரை அழுகியிருந்தது என்ற பொருளில் ஷீன் எழுதினார். ஒரு விளக்கு. அவ்வளவுதான் கேட்டார்கள்.

"எல்லாம் பழைய கதை சார், இப்ப சாஃப்ட்வேர் இருக்கு, ரூல்ஸ் இருக்கு" என்கிறவர்களுக்காக 2014. தென் கொரியாவின் சேவோல். ஜப்பானில் 1994இல் கட்டிய பழைய ஃபெர்ரியை வாங்கி, மேல்தளங்களில் கூடுதல் பயணிகள் அறைகளைக் கட்டினார்கள். ஈர்ப்பு மையம் மேலே போயிற்று. சான்றளிக்கும் அமைப்பு கண்ணை மூடிக்கொண்டுவிடவில்லை, நிபந்தனை போட்டது. சரக்கு 987 டன்னுக்கு மேல் கூடாது, அடியில் இவ்வளவு பல்லாஸ்ட் தண்ணீர் இருந்தே ஆக வேண்டும். ஏப்ரல் 16 அன்று கப்பலில் இருந்த சரக்கு 2,100 டன்னுக்கும் மேல். இவ்வளவு ஏற்றினால் பிளிம்சாலின் கோடு மூழ்கியிருக்க வேண்டுமே, கரையில் இருந்த யாருக்கும் தெரியாதா? மூழ்கவில்லை. ஏனென்றால் அடியில் இருந்திருக்க வேண்டிய பல்லாஸ்டில் பாதிகூட இல்லை. அடியில் இருந்த எடையை எடுத்துவிட்டு மேலே எடையை வைத்தார்கள். கப்பலின் மொத்த எடை சரியாக இருந்தது, கோடு சரியாக இருந்தது, வெளியிலிருந்து பார்த்தால் சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது. ஒரு திருப்பத்தில் சரியாகக் கட்டப்படாத சரக்கு சரிந்தது. இறந்தவர்கள் 304 பேர். அதில் 250 பேர் ஒரே பள்ளியிலிருந்து சுற்றுலா கிளம்பிய மாணவர்கள். இருக்கிற இடத்திலேயே இருங்கள் என்ற ஒலிபெருக்கி அறிவிப்பை நம்பி இருந்தவர்கள்.

எனக்கு இதில் தாங்க முடியாதது அந்தக் கோடுதான். பதினான்கு வருடம் சண்டை போட்டு வாங்கிய கோடு. அதை மீறாமலே அதன் பொருளைக் கொன்றிருக்கிறார்கள். அளவுகோலைத் திருப்திப்படுத்து, அளந்ததற்கான காரணத்தைத் தூக்கிப்போடு. இதைச் செய்கிற அலுவலகம் எதற்கும் ஜன்னலோர இருக்கை எனக்குப் பழக்கம்தான்.

என் தொழிலில் காலி இடத்துக்குப் பெயர் ஸ்லாக். செலவுக் குறைப்புக் கூட்டம் என்று ஒன்று நடக்கும். திரையில் ஒரு வரைபடம்: சர்வர்கள் 40 சதவீதம்தான் ஓடுகின்றன. "மிச்சம் 60 என்ன பண்ணிட்டு இருக்கு? தூங்குதா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதபடிதான் கேட்பார்கள். வரிசைக் கோட்பாட்டின் ஆக எளிய மாதிரியில்கூட, பாதித் திறனில் ஓடும் ஓர் அமைப்பில் ஒரு வேலை சராசரியாகக் காத்திருப்பது ஒரு வேலைக்கு ஆகும் நேரம். 90 சதவீதத்தில் ஓடினால் அதுபோல ஒன்பது மடங்கு. தூங்குவதுபோலத் தெரிகிற அந்த 60 சதவீதம், தீபாவளி விற்பனை இரவுக்காக விழித்திருக்கிறது. வெட்டுவார்கள். வெட்டியவருக்குப் பதவி உயர்வு கிடைக்கும். அந்த இரவு வரும்போது அவர் வேறு கம்பெனியில் இருப்பார்.

எதிர்த்தரப்புக்கு ஒரு நியாயம் உண்டு, அதைச் சொல்லாமல் போனால் சரியில்லை. காலி இடம் இலவசம் இல்லை. அதைச் சுமந்து போக எரிபொருள் வேண்டும், புகை வரும், உலகம் சூடாகும். இந்த வாதம் ரொம்பக் கூர்மையாக வருவது இன்ஜின் விஷயத்தில். கப்பலின் இன்ஜினை அமைதியான கடலுக்கு மட்டும் கணக்குப் போட்டு வைப்பதில்லை. எதிர்க்காற்று, அலை, அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டிச் சொரசொரப்பாவது, இதற்கெல்லாம் சேர்த்து வழக்கமாக 15 சதவீதம் கூட்டி வைப்பார்கள். கடல் மார்ஜின் என்று பெயர். சூழலுக்காகப் பேசுகிறவர் கேட்கலாம்: இவ்வளவு பெரிய இன்ஜின் எதற்கு?

கேட்க வேண்டிய கேள்வி வேறு. இவ்வளவு வேகம் எதற்கு? கப்பலுக்குத் தேவைப்படும் திறன், ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். எந்த மரைன் இன்ஜினீயரும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். வேகத்தில் 10 சதவீதம் குறைத்தால் திறனில் 27 சதவீதம் மிச்சம். பயண நாள் கூடுவதையும் கழித்துப் பார்த்தால் அதே தூரத்துக்கு எரிபொருளில் 19 சதவீதம் மிச்சம். புது உலோகம் வேண்டாம், புதுப் பாய்மரம் வேண்டாம், செயற்கை நுண்ணறிவு வேண்டாம். லீவரைக் கொஞ்சம் பின்னால் இழுத்தால் போதும். 2006இல் வந்த எம்மா மேர்ஸ்க் 25 நாட் வேகத்துக்காகச் சுமார் 80,000 கிலோவாட் இன்ஜினைச் சுமந்துகொண்டு வந்தது. 2008இல் வியாபாரம் படுத்ததும் அதே கம்பெனிகள் மெதுவாக ஓட்டக் கற்றுக்கொண்டன. இயற்பியல் 2006லும் அதேதான், 2008லும் அதேதான். இன்னொரு பக்கம், வாடகை ஒப்பந்தத்தில் தாமதமின்றிப் போய்ச் சேர் என்று எழுதியிருப்பதால், கப்பல்கள் விழுந்தடித்து ஓடிவந்து துறைமுகத்துக்கு வெளியே நாள்கணக்கில் நங்கூரமிட்டு நிற்கின்றன. 2007இல் ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் நிலக்கரிக்காக ஐம்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் அப்படி வரிசையில் நின்றபோதுதான் புயல் வந்து, பாஷா பல்கர் என்ற கப்பல் கடற்கரையில் ஏறியது.

ஆக, புகையைக் குறைக்க மெதுவாகப் போகலாம், பெரிய இன்ஜினைக் கையிருப்பாக வைத்துக்கொண்டே. சின்ன இன்ஜின் வைத்துப் புகையைக் குறைப்பது இன்னொரு வழி. 2013இல் புதுக் கப்பல்களுக்குச் செயல்திறன் குறியீடு வந்தபோது, குறியீட்டில் நல்ல மதிப்பெண் வாங்கச் சுலபமான வழி சின்ன இன்ஜின் என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. புயலில் கரையை நோக்கித் தள்ளப்படும்போது திரும்பக்கூடச் சக்தியில்லாத கப்பல்கள் வந்துவிடும் என்று பயந்து, சர்வதேசக் கடல்சார் அமைப்பே குறைந்தபட்சத் திறன் இவ்வளவாவது இருக்க வேண்டும் என்று தனியாக வழிகாட்டி எழுத வேண்டியதாயிற்று. 2023லிருந்து பழைய கப்பல்களுக்கும் குறியீடு. பல கப்பல்கள் இன்ஜினுக்குப் பூட்டுப் போட்டு, ஆபத்து நேரத்தில் மட்டும் திறக்கலாம் என்று வைத்திருக்கின்றன. அது மோசமான ஏற்பாடு இல்லை, சொல்லப்போனால் எனக்குப் பிடித்திருக்கிறது. கையிருப்பு இருக்கிறது, தினசரிச் செலவுக்கு எடுக்க முடியாது.

"நமக்கென்ன, நாம என்ன கப்பலா ஓட்டுறோம்" என்று கேட்கிறவர்கள் 2025 மே மாதத்தை நினைத்துக்கொள்ளலாம். 640 கன்டெய்னர்களோடு எம்எஸ்சி எல்சா 3 கொச்சிக்கு அருகே சாய்ந்து மூழ்கியது. ஊழியர்கள் 24 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். அதிலிருந்து சிந்திய பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரிக் கரைவரை வந்து ஒதுங்கின.

இனி கோல்டன் ரே. இதைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், இதில் என் தொழிலும் என் நண்பனின் தொழிலும் சேர்ந்து மாட்டியிருக்கின்றன. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள். ஜிஎம் கணக்குப் போட நவீன மென்பொருள். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டுபிடித்தது இது: தொட்டிகளில் இருந்த பல்லாஸ்ட் ஓர் அளவு, சீஃப் ஆபீசர் மென்பொருளில் தட்டிய அளவு வேறு. மென்பொருள் தன் வேலையைச் சரியாகச் செய்தது. இல்லாத ஒரு கப்பலுக்கு அருமையாக ஸ்டெபிலிட்டி கணக்குப் போட்டுக் கொடுத்தது. அந்தக் கணக்கை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற நடைமுறையைக் கப்பலை நடத்திய கம்பெனி வைத்திருக்கவில்லை. மறுபடியும் ஒரு மனிதர், ஒரு தவறு, பின்னால் யாருமில்லை. இரண்டாவது ஆளும் ஒரு காலி இடம்தான். சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற காலி இடம்.

தண்ணீர் புகாத கதவுகள் இரண்டு திறந்தே கிடந்தன. கப்பலில் இருந்த 24 பேரில் நான்கு பேரை மட்டும் உடனே வெளியே கொண்டுவர முடியவில்லை. நான்கு பேரும் இன்ஜின் பிரிவு ஆட்கள். ஸ்டெபிலிட்டி கணக்கில் அவர்களுக்கு எந்தப் பங்கும் இல்லை, அது டெக் டிபார்ட்மென்ட் வேலை. பக்கவாட்டில் படுத்துவிட்ட கப்பலில், எரியும் சூட்டில், இருட்டில், உடம்பை உரசிக்கொண்டு தண்ணீர். கப்பலின் உடலில் துளை போட்டு, முதலில் தண்ணீரும் உணவும் அனுப்பி, அப்புறம் வெட்டி மறுநாள் வெளியே எடுத்தார்கள். கடைசி ஆள் கண்ணாடி போட்ட கட்டுப்பாட்டு அறைக்குள் இருந்தார்.

இதை நண்பனிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. ஹெரால்டிலும் சேவோலிலும் இன்ஜின் ரூமில் இருந்தவர்கள் எத்தனை படி ஏற வேண்டியிருந்திருக்கும் என்று யோசித்தானோ என்னவோ. நான் கேட்டது சின்ன விஷயம். கப்பல் கிளம்புவதற்கு முன், அந்தப் பயணத்தின் ஜிஎம், முன் பின் ஆழம், அரைகுறையாக இருக்கும் தொட்டிகளின் பட்டியல், மூன்றையும் இன்ஜின் கட்டுப்பாட்டு அறையில் எழுதி மாட்ட வேண்டும். பல்லாஸ்ட் பம்புகளையும் தொட்டி அளவுகளையும் தினமும் பார்க்கிறவர்கள் கீழே இருக்கிறார்கள். மேலே தட்டிய எண் தப்பென்றால் அவர்கள் கண்ணில் முதலில் படும். கேட்கிற உரிமை அவர்களுக்கு எழுத்தில் இருக்க வேண்டும். கேட்டவனுக்குக் கிண்டல் குறிப்பு எழுதுகிறவனின் பெயரும் எழுத்தில் இருக்க வேண்டும்.

"சீஃப் ஆபீசர் கோச்சுக்குவாரு மச்சான்" என்றான்.

கோபித்துக்கொள்ளட்டும். இரண்டாவது ஆள் பார்க்கிறான் என்பதற்காகக் கோபப்பட்ட புரோகிராமர்களோடு பத்து வருடமாக வேலை பார்க்கிறேன். முதல் மாதம் முறைப்பார்கள், மூன்றாவது மாதம் அவர்களே அனுப்பிவைத்து "ஒரு தடவை பாத்துடு" என்பார்கள். அவன் அடுத்து ஏறும் கப்பலில் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். ஒரு வெள்ளைப் பலகை, ஒரு மார்க்கர். செலவுக் குறைப்புக் கூட்டத்தில் வெட்டுகிற அளவுக்குக்கூட அது பெரிய தொகை இல்லை.